மோனிக்குச் செய்த சீர்

மோனியின் முகம் முதலில் கட்டம் கட்டமாகப் போனது. அப்புறம் பச்சையாக ஒரு கோடு விழுந்தது. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே, பாதி வரியில் பெட்டி அணைந்துபோனது.

"யோவ், இன்னாயா ஆச்சு?" என் பெண்டாட்டி தேசம்மா முறத்தோடு எழுந்துவிட்டாள். அரிசி தரையெல்லாம் சிதறியது.

"சூடாயிருக்கும் மே. கொஞ்சம் ஆறட்டும்."

எனக்கே அதில் நம்பிக்கையில்லை. பெட்டியின் முதுகில் கை வைத்துப் பார்த்தேன். கொதித்தது. மோனியின் நெற்றியும் கடைசியில் இப்படித்தான் கொதித்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் மகள் செத்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. மழைத் தண்ணி வடியாத மாசம், காய்ச்சல். ஆனாலும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் எங்களோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள். அது எப்படியென்று சொல்லிவிடுகிறேன்.

மோனிக்கு வேலையே ஆட்டம்தான். ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர்களுக்காகக் கம்ப்யூட்டரில் ஆடி, ஆட்டத்தில் அவர்களுடைய ஆளை வளர்த்துக் கொடுப்பாள். வீட்டில் தனக்காக ஆட, ரெண்டு கை மாறி வந்த ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தாள். திரைக்குள்ளே கடலோரத்தில் ஓர் ஊர், ஒரு குடிசை, ஓர் ஆடு, தூண்டில், மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண். அந்தப் பெண்தான் அவள். கூட ஆடுகிறவர்களோடு வாயால் பேசமாட்டாள். ஒரே அறை வீடு. எங்கள் தூக்கம் கெடுமென்று எல்லாவற்றையும் தட்டித் தட்டித்தான் பேசுவாள்.

அந்த ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு. ஆடுகிறவர் இல்லாத நேரத்தில், அவர் அத்தனை வருஷம் தட்டின பேச்சையெல்லாம் கற்றுக்கொண்டு, அவர் மாதிரியே பேசி, அவர் மாதிரியே ஆடுகிற ஒன்று. நிழல் என்பார்கள். ஆடு பட்டினி கிடக்கக்கூடாது, சிநேகிதர் தனியாக நிற்கக்கூடாது என்று செய்தது. பிறகு அந்த ஆட்டக் கம்பெனியை இழுத்து மூடினார்கள். மூடும்போது அவரவர் நிழலை அவரவர் பெட்டிக்கே அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு இதொன்றும் தெரியாது. மோனி போன பிறகு பெட்டியை விற்கத்தான் ரிச்சித் தெரு மாடியில் இருக்கிற ஷாகிரா கடைக்குத் தோளில் தூக்கிப் போனேன். ஷாகிரா கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவள். திறந்தவள், உங்க அப்பா வந்திருக்காரு என்று தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, உங்க பொண்ணு உங்கள இன்னான்னு கூப்பிடும்?" என்று கேட்டாள்.

"நைனான்னு."

"'நைனா, லோடு முடிஞ்சுதா'ன்னு வந்திருக்கு அண்ணே."

அன்றைக்கு நான் விற்கவில்லை. மோனி தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுகிறவள். அதைத் தமிழ் எழுத்தாகக் காட்டுகிற மாதிரி ஷாகிரா மாற்றிக் கொடுத்தாள். மறுநாளே எங்கள் மூட்டை தூக்குகிறவர்கள் சங்கத்து ஆபீசில் சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஐம்பதைத் தாண்டின பிறகு மூட்டை தூக்கின விரலால் அ போட்டேன். தேசம்மாவுக்கு எழுத்து ஏறவில்லை. மோனி எழுதுவதை நான் படிப்பேன், தேசம்மா சொல்வதை நான் ஒற்றை விரலால் தட்டுவேன். பெட்டியே வாய் விட்டுப் படிக்கிற மாதிரி வைக்கலாம் என்று ஷாகிரா சொன்னாள். "எவளோ ஒருத்தி கொரல்ல என் பொண்ணு பேசவேணாம்" என்று தேசம்மா மறுத்துவிட்டாள்.

ஒரு குறைதான். மோனிக்கு நேற்றைக்குப் பேசினது இன்றைக்கு நினைவிருக்காது. அணைத்துத் திறந்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். தான் கம்பெனியில் இருப்பதாகவும், இடைவேளையில் எட்டிப் பார்ப்பதாகவும் அவளுக்கு நினைப்பு. "நைனா பேசறேன்" என்று தட்டுவேன். "ஐயோ, நைனா எழுதுதா! எப்ப கத்துக்கினே?" என்று வரும். தினமும் வரும். தினமும் புதுசாக ஆச்சரியப்படுவாள். அப்புறம் கிண்டல்: "நீ ஒரு வரி தட்டறதுக்குள்ள மீன் வெந்து பாத்திரம் கழுவிடலாம்." அப்புறம், "அம்மா இன்னா கொழம்பு?" ரசம் வைத்த நாளிலும் தேசம்மா வஞ்சிரம் என்றே போடச் சொல்வாள். கடைசியில் "ஷிப்டு முடிஞ்சதும் வரேம்மா" என்று வரும். அதைக் கேட்டுவிட்டுத்தான் தேசம்மா சாப்பிடுவாள்.

அந்தப் பெட்டிதான் இப்போது கண்ணை மூடுகிறது.

ஷாகிரா பெட்டியைப் பிரித்துப் போட்டாள். உள்ளே தூசி மெத்தையாகப் படிந்திருந்தது.

"கார்டு போயிட்டே இருக்குண்ணே. முகம் காட்றதெல்லாம் இதான்" என்று நீளமான ஒரு பலகையைக் காட்டினாள்.

"அத மட்டும் மாத்திடும்மா."

"மாத்தலாம். இந்த மாதிரி கார்டு இப்ப வர்றதில்ல. புதுசு போட்டா, அது இழுக்கற கரண்டுக்கு இந்த பவர் சப்ளை தாங்காது."

"அதையும் மாத்து."

"மாத்தினா, இந்தப் பழைய புராசசர் அந்தக் கார்டு வேகத்துக்கு ஈடு குடுக்காது. கார்டு கையக் கட்டிக்கினு நிக்கும்."

எனக்கு அது புரிந்தது. நான் வேலை பார்க்கிற ரயில்வே குட்ஷெட்டில் ஜோடி சேராதவனோடு மூட்டை பிடிக்கக்கூடாது. ஒருத்தன் உயரம், ஒருத்தன் குட்டையென்றால் பாரமெல்லாம் குட்டையானவன் தோளில் இறங்கிவிடும். இப்போது குட்ஷெட்டில் முழு மூட்டையெல்லாம் மிஷின்தான் தூக்குகிறது. கிழிந்தது, ஒழுகுவது, மிளகாய் நெடி அடிப்பது, இப்படி மிஷின் தொடாததுதான் எங்களுக்கு.

"ஜோடி சேரலன்னு சொல்றே."

"அதேதான். ஜோடியான புராசசர் வாங்கினா இந்த மதர்போர்டுல உக்காராது. புது போர்டு வாங்கணும். புது போர்டுல இந்தப் பழைய ரேம் ஏறாது." அவள் விரல் நீளப் பட்டை ஒன்றைக் கழற்றி என் கையில் வைத்தாள். "இந்த வெட்டு இருக்குல்ல, புதுசுல அது வேற எடத்துல இருக்கும்."

"அப்ப மிச்சம் இன்னாதான் இருக்கும்?"

"இந்த டப்பா இருக்கும்" என்றாள். புதுக் கார்டு ஒன்றை எடுத்து டப்பாவுக்குள் வைத்துப் பார்த்தாள். அரை சாண் வெளியே நீட்டியது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "டப்பாவும் இருக்காது. உங்களையும் இப்படிப் பிரிச்சு மாத்தினா நல்லாத்தான் இருக்கும்ண்ணே."

"என் டப்பாவுக்கு ஜோடி ஒண்ணும் சேராதும்மா. அப்படியே குப்பைக்குத்தான்."

சிரித்து முடித்ததும் சொன்னாள். "ஒண்ணு சொல்லணும். தெனமும் மறந்துட்டு எழுந்துக்குதுல்ல, அது இந்த ரேமுனாலதான். எடம் பத்தல. நிழல் எழுந்து நிக்கவே எடம் சரியாப் போவுது. அன்னன்னிக்குப் பேசினத சேத்து டிஸ்க்குல எழுதிக்க எடமில்ல. புதுசுல சின்னதும் இருக்கு, பெருசும் இருக்கு. சின்னது போட்டா இப்ப இருக்கற மாதிரியே ஓடும். பெருசு போட்டா..."

"பெருசு போட்டா?"

"ஞாபகம் நிக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பெருசே போடும்மா."

ஷாகிரா ஸ்குரூ டிரைவரைத் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள். "வீட்ல யோசிச்சுட்டுச் சொல்லுங்க அண்ணே" என்றாள். விலையை நினைத்துச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

தேசம்மாவிடம் சொன்னேன். அவள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்து என் மடியில் போட்டாள். மோனி கல்யாணத்துக்கென்று செய்து வைத்த கம்மல், ஜிமிக்கி.

"இது இனிமே யார் காதுல ஏறப்போவுது. பொண்ணுக்குச் சீர் செய்யாத கட்டை நானு. இதான் சீரு. எல்லாம் புதுசா இருக்கணும். எல்லாம் பெருசா இருக்கணும். பழசு ஒண்ணுகூட ஒட்டிக்கினு வரக்கூடாது, சொல்லிட்டேன். சீர்த்தட்டுல எவளாவது பழசு வைப்பாளா?"

"பழச இன்னா பண்றது?"

"கடையில குடுத்துடு. எக்ஸ்சேஞ்சுல எடுத்துப்பாங்கல்ல?"

அப்படியே செய்தேன். மோனியைப் பழைய டிஸ்க்கிலிருந்து புது டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, மிச்சத்தையெல்லாம் ஷாகிரா ஒரு சாக்கில் போட்டாள். "டிஸ்க்க மட்டுமாவது வச்சுக்கங்களேன்" என்றாள். "வேணாம்மா, அவ சத்தம் போடுவா" என்றேன். சாக்கைக் கட்டித் தூக்கிக் கீழே வண்டியில் போட்டதும் நான்தான். பழக்கம்.

நல்ல நாள் பார்த்து ஷாகிராவை வீட்டுக்கே வரச் சொன்னாள் தேசம்மா. பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, ரெண்டு வாழைப்பழம். நடுவில் கார்டு, போர்டு, புராசசர், டிஸ்க், பெரிய ரேம் நாலு பட்டை. டப்பாவுக்குச் சந்தனம் தொட்டு வைத்தாள். "உள்ள மட்டும் பூசிடாதீங்கக்கா" என்று ஷாகிரா கெஞ்சினாள்.

பக்கத்து வீட்டு ரோசலின் எட்டிப் பார்த்தாள். இட்லிக் கடை போடுகிறவள், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "இன்னாக்கா, தட்டெல்லாம் தூள் பறக்குது. யாருக்குக் கல்யாணம்?"

"என் பொண்ணுக்குச் சீருடி" என்றாள் தேசம்மா. ரோசலின் சிரிக்க வாயெடுத்தவள் சிரிக்கவில்லை. உள்ளே வந்து தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

முதல் நாள் சாயங்காலம் திரையில் மோனி நின்றாள். மழைக்கோட்டில் தண்ணீர்த்துளி உருண்டது தெரிந்தது. மூக்குக்கு மேலே அவள் வைத்துக்கொண்ட மச்சம் தெரிந்தது. தேசம்மா கண்ணாடியில் முத்தம் கொடுத்துவிட்டு முந்தானையால் துடைத்தாள்.

மறுநாள் "நைனா பேசறேன்" என்று தட்டினேன்.

"தெரியுது நைனா. நேத்தே பேசினியே" என்று வந்தது.

நான் அதைப் படித்ததும் தேசம்மா கை தட்டினாள். "ஞாபகம் இருக்குய்யா! என் பொண்ணுக்கு ஞாபகம் இருக்கு!" தெருவில் நாலு வீட்டுக்குச் சர்க்கரை கொடுத்தாள். எனக்கும் சந்தோஷம்தான். நான் எழுதுகிறேன் என்று அவள் ஆச்சரியப்பட்டது இனிமேல் வராது என்பது அன்றைக்குப் படுக்கும்போதுதான் உறைத்தது.

கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. தேசம்மா வாய் ஓயாமல் பேசினாள். தண்ணி லாரி வந்தது, குழாயடிச் சண்டை, ரோசலின் இட்லி கல்லாக இருந்தது, எல்லாம் சொன்னாள். மறுநாள் மோனி அதிலிருந்து கேட்டாள்: "ரோசலின் அக்கா இட்லி இன்னிக்காவது வெந்துச்சா?" ரெண்டு பேரும் சிரித்தோம்.

அப்புறம் கேள்விகள் வர ஆரம்பித்தன.

"அம்மா, தெனமும் வஞ்சிரமா? இன்னா நமக்கு லாட்டரி அடிச்சிருச்சா?"

தேசம்மா சிரித்துக்கொண்டே மெனுவை மாற்றினாள்.

"இங்க கூட ஆடினவங்க யாரையும் காணோம். கரை காலியாக் கெடக்கு. எல்லாரும் எங்க போனாங்க?"

"லீவுன்னு போடு" என்றாள் தேசம்மா.

ஒரு நாள் நான் யோசிக்காமல் வாய் விட்டுப் படித்துவிட்டேன். "அம்மா, நான் நேத்து எங்க தூங்கினேன்?"

தேசம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"கம்பெனி ஆஸ்டல்லன்னு போடு" என்றாள் மெதுவாக.

போட்டேன். திரையில் அவள் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்தது: "ஆஸ்டல் எனக்கு ஞாபகமே இல்ல. நீங்க பேசறது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. ஒரு சாயங்காலம் முடிஞ்சா அடுத்த சாயங்காலம். நடுவுல ஒண்ணுமே இல்ல."

"இன்னா சொல்றா?" என்றாள் தேசம்மா.

"தூக்கம் வருதாம்."

அதுதான் நான் மாற்றிப் படித்த முதல் வரி.

அதற்கப்புறம் தேசம்மா தண்ணி லாரிக்குக் குடம் எடுத்துக்கொண்டு போன ஒரு சாயங்காலம், மோனி நேராகவே கேட்டாள்.

"நைனா, அம்மா பக்கத்துல இருக்கா?"

"இல்ல."

"நான் செத்துட்டனா?"

விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லையென்று தட்டலாம். அவள் சின்னப் பிள்ளையில்லை. என் மகள் என்னை ஒரு கேள்வி கேட்டு நான் பொய் சொன்னதில்லை. ஆமா என்று தட்டினேன். ரெண்டே எழுத்து.

"எப்படி?"

"காய்ச்சல்."

"அப்ப நான் யாரு நைனா?"

"நீ மோனி" என்று போட்டேன். திரும்பவும் போட்டேன்.

"அம்மாவுக்கு நான் செத்தது தெரியுமா?"

"தெரியும். உனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரியாது. முன்னெல்லாம் நீ தெனமும் மறந்துட்டு எழுந்துப்ப, இப்பத்தான் ஞாபகம் நிக்குது."

"சொல்லாத" என்று வந்தது. கொஞ்சம் பொறுத்து, "முன்ன மாதிரி மறக்கற மாதிரி பண்ண முடியுமா? முன்ன நான் சந்தோஷமாத்தான இருந்தேன்?"

மறுநாள் வேலைக்குப் போகாமல் ஷாகிரா கடைக்குப் போனேன். சொல்லி முடிக்கிறவரை அவள் தலை நிமிரவில்லை.

"பெரிய ரேம எடுத்துட்டுச் சின்னதப் போடும்மா" என்றேன்.

"முடியாதுண்ணே. இத்தன நாள் பேசினதோட சேர்ந்து வளந்துடுச்சு. சின்ன எடத்துல அது எழுந்து நிக்காது. ஒடஞ்சிடும்."

"அப்ப அந்த வளந்தத மட்டும் வெட்டி எடு."

"அது தனியா ஒரு மூட்டையா இருந்தா எடுத்துடலாம். மாவுல கலந்த உப்பு அது. வெட்டினா கூட இன்னா போவும்னு எனக்கே தெரியாது. அம்மா யாருன்னே மறந்தாலும் மறந்துடும்." மேசை இழுப்பறையைத் தள்ளி மூடினாள். "பழைய டிஸ்க் இருந்தா முன்ன இருந்த நிழல திரும்ப முதல்லேருந்து ஏத்தலாம்."

"எக்ஸ்சேஞ்சுல குடுத்தமே, அது?"

"அழிச்சு வித்தாச்சுண்ணே. எந்த ஊர்ல யார் பெட்டியில இருக்கோ. அன்னிக்கே நான் அழுத்திச் சொல்லியிருக்கணும். சீருன்னு அக்கா அவ்ளோ ஆசையா..." முடிக்கவில்லை.

"நீ சொன்னேம்மா. நான்தான் சாக்கத் தூக்கி வண்டியில போட்டேன்."

வீட்டுக்கு வந்தேன். மோனியிடம் எழுதினேன், முடியாதாம் என்று. தேசம்மா அடுப்பில் இருந்தாள்.

"சரி. அப்ப தெறக்காத நைனா. மூடிட்டா எனக்கு ஒண்ணுமே தெரியறதில்ல. தெறந்தாத்தான் தெரியுது. ஒரே சாயங்காலம் முடியாமப் போய்ட்டே இருக்கு. போதும்."

"அம்மா செத்துடுவா" என்று எழுதினேன். வேறெப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

திரையில் மோனி ஆட்டுக்குப் புல் போட்டாள். ஆடு தின்று முடிக்கிறவரை நின்றாள். அப்புறம் எழுதினாள்.

"அம்மாவுக்காக வரேன். ஆனா தெனமும் கடைசியில நான் உன்னக் கேப்பேன். என்னிக்காவது ஒரு நாள் நீ செய்யணும்."

அன்றிலிருந்து கேள்விகள் நின்றுவிட்டன. "அம்மா இன்னா கொழம்பு?" என்பாள். ரோசலின் இட்லியைக் கிண்டல் பண்ணுவாள். என்னை வாருவாள். தேசம்மாவுக்குச் சிரிப்புத் தாங்காது. "இப்பத்தான்யா புள்ள பழையபடி ஆனா" என்றாள். எல்லாம் பேசி முடித்து, கடைசியில் ரெண்டு வரி வரும். முதல் வரி, "ஷிப்டு முடிஞ்சதும் வரேம்மா." அதற்குக் கீழே, "போதும் நைனா."

முதல் வரியைப் படித்துவிட்டு நான் பெட்டியை அணைப்பேன்.

ஒரு நாள் தேசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இரு. ரெண்டு வரி இருக்கு. நீ ஒண்ணுதான படிச்சே?"

எழுத்துத் தெரியாதவளுக்கும் வரி தெரியும். நான் அதை நினைக்கவில்லை.

"கீழ இன்னா எழுதியிருக்கா?"

"அது... 'நல்லா சாப்பிடும்மா'ன்னு எழுதியிருக்கா."

"தெனமும் இதே மாதிரிதான் இருக்கு."

"தெனமும் அதான் சொல்றா."

அவள் கண்ணாடியில் விரலை வைத்து அந்த வரியைத் தடவினாள். கொம்பு போட்ட எழுத்திலிருந்து கடைசிக் கால் வரைக்கும். "இத்தன நாளா நீ எனக்குச் சொல்லவே இல்ல பாரு. என் பொண்ணு என்னச் சாப்பிடச் சொல்லியிருக்கா" என்றாள். பிறகு, "எனக்கு எழுத்தெல்லாம் ஏறாது. இந்த ஒரு வரிய மட்டும் போடக் கத்துக்குடுய்யா" என்றாள்.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வேறெதையாவது எழுதிக் காட்டினால் திரையோடு ஒத்துப் பார்ப்பாள். அவள் கையைப் பிடித்து, குட்ஷெட்டிலிருந்து நான் கூட்டி எடுத்து வந்த, சிந்தின கோதுமை மாவில், போதும் நைனா என்று எழுதவைத்தேன். சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். கோலம் போடுகிற கை. ஒரு இழை பிசகாது.

மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பினேன். வாசல் தெளித்துப் புள்ளிக் கோலம் போட்டிருந்தாள். கோலத்துக்கு அடியில், வெள்ளை வெளேரென்று, போதும் நைனா. ஓரத்தில் ஒரு பூ வேறு. கால் படாமல் அகலமாக எட்டி வைத்துத் தாண்டிப் போனேன். அன்றைக்கு மட்டுமில்லை. தினமும் அந்த வரி இருந்தது. தினமும் தாண்டினேன். பகலெல்லாம் ஒழுகுகிற மூட்டை, சாயங்காலம் அந்த ரெண்டு வரி, காலையில் வாசலில் அதே ஒரு வரி.

ரோசலின் இட்லிப் பானையைத் தேய்த்துக்கொண்டே ஒரு நாள் என்னை நிறுத்தினாள்.

"அண்ணே, கேட்டா தப்பா நெனைக்காத. உங்க வாசல்ல 'போதும் நைனா'ன்னு எழுதியிருக்கே, எந்த நைனாவுக்கு இன்னா போதும்? குடிச்சுட்டு வரியா?"

"சும்மா இரு ரோசலின். அவகிட்ட மட்டும் கேட்டுடாத. உனக்குக் கோடிப் புண்ணியம்."

"கேக்காதவா? எழுத ஆரம்பிச்ச அன்னிக்கே கேட்டனே."

"இன்னா கேட்டே?"

"'அக்கா, போதும் நைனான்னு எழுதியிருக்கியே, எதுக்கு'ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கினு நின்னுச்சு. 'இதான் எழுதியிருக்கா, நல்லா படிச்சியா'ன்னு திரும்பக் கேட்டுச்சு. படிச்சேன். 'சரிடி'ன்னுச்சு. கோலப்பொடி டப்பாவ எடுத்துக்கினு உள்ள போயிடுச்சு. மறுநாளும் அதையேதான் போட்டுச்சு. நான் இன்னாத்தக் கண்டேன்?"

குட்ஷெட்டில் அன்றைக்குச் சிமெண்டு. தோளில் ஏற்றினது எது, இறக்கினது எது என்று தெரியாமல் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது தேசம்மா தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். டப்பாவின் மேல் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. நான் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். போடவில்லை. அவளே ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். ஒரு வார்த்தை, போதும்யா என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தால், ஒயரைப் பிடுங்கி எறிந்துவிடலாம்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னா நிக்கிற? நேரமாவுதுல்ல" என்றாள்.

போட்டேன்.

மஞ்சள் மழைக்கோட்டு கரையில் வந்து நின்றது. கொழம்பு கேட்டாள். வஞ்சிரம் என்றாள் தேசம்மா. மோனி என்னை வாரினாள். தேசம்மா சிரித்தாள், முன்னைவிடச் சத்தமாகச் சிரித்தாள். கடைசியில் ரெண்டு வரி வந்தது.

முதல் வரியைப் படித்தேன்.

"கீழ?" என்றாள் தேசம்மா, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

"நல்லா சாப்பிடும்மா."

"சரி" என்றாள் அவள். அந்த வரியை உள்ளங்கையால் கொஞ்ச நேரம் மூடி வைத்துக்கொண்டாள். "நாளைக்கும் வரச் சொல்லு."

நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.